ஏரோப்ளேனுக்கு யாரு சார் தண்ணி ஊத்துவாங்க?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். முப்பது வருடத்துக்கு மேலாக நான் திருப்பித் தராமல் வைத்திருந்த ஒரு கடனைப் பற்றியது.

போன மாதம் என் பழைய மொபெட் தகராறு செய்தது. வீட்டிலிருந்து கிளம்பினால் மூன்று கிலோமீட்டர் ஒழுங்காகப் போகும். பிறகு இழுவை குறைந்து திணறி நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்தி வைத்தால் மறுபடி கிளம்பும். தள்ளிக்கொண்டு போய் ஒரு பட்டறையில் விட்டேன். "சார், என்னைத் தெரியுதா?" என்று எழுந்து வந்தார் பட்டறைக்காரர். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். தலையில் பாதி நரை. எனக்கு அவர் இன்னும் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பையன்தான்.

வண்டியைப் பார்த்ததும் சிரித்தார். "சார், இந்த பிளாக்குல தகடு தகடா இருக்குதுல்ல, இதுக்கு நடுவுல காத்து பூந்து போகணும் சார். நீங்க சேத்தால மெழுகி வெச்சிருக்கீங்க. அப்புறம் இஞ்சின் எப்படி மூச்சு விடும்?" என்றார். உண்மைதான். மழைக்காலத்துச் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அந்தத் தகடுகளின் இடைவெளியையே அடைத்திருந்தன. மண்ணெண்ணெய் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். வேறு எந்தப் பாகமும் மாற்றவில்லை. வண்டி ஓடியது.

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துக்கொண்டே, "நீங்க வெப்பம் பாடம் நடத்துறப்ப நான் ஒரு கேள்வி கேட்டேன், ஞாபகம் இருக்கா சார்?" என்றார்.

இருந்தது. அவர் சொன்னதும் வந்தது என்பதுதான் உண்மை. 1993 என்று நினைக்கிறேன். ஏற்காடு போகும் பேருந்தில் டிரைவர் வளைவில் நிறுத்தி ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியதைப் பார்த்துவிட்டு வந்து கேட்டான்: "சார், பஸ்ஸுக்கு டிரைவர் தண்ணி ஊத்துறாரு. ஏரோப்ளேனுக்கு யாரு சார் தண்ணி ஊத்துவாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். "மேலே ரொம்பக் குளிர்டா, அதுவே ஆறிடும், உட்காரு" என்றேன்.

"நான் என்னப்பா பதில் சொன்னேன்?" என்று இப்போது கேட்டேன்.

"பதில் ஞாபகம் இல்ல சார். எல்லாரும் சிரிச்சதுதான் ஞாபகம் இருக்கு."

குத்திக் காட்டும் தொனி அதில் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பையன் என் வகுப்பில் ஒரு கேள்வியாவது கேட்டானா என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவன். அதற்கு வீட்டு நிலைமை காரணம். என் சிரிப்பு காரணம் இல்லை என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

அடுத்த மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். பயிற்சிப் பள்ளியில் படித்தபோதுகூட நான் இவ்வளவு குறிப்பு எடுத்ததில்லை. அந்தக் கேள்விக்கு உரிய பதிலை உங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுதுகிறேன். ஏனென்றால் அன்று சிரித்தவர்களில் சிலரும் இதைப் படிக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. இன்று நாம் ஏறிப் போகும் பெரிய விமானங்கள் ஜெட் விமானங்கள். அது வேறு கதை. நான் சொல்லப்போவது பிஸ்டன் இஞ்சின் வைத்த விமானங்களைப் பற்றி. 1903 முதல் இரண்டாம் உலகப் போர் வரை ஏறக்குறைய எல்லா விமானங்களும் இந்த வகைதான். இன்றும் விமானம் ஓட்டப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இவற்றில்தான் பழகுகிறார்கள்.

சூடு எவ்வளவு என்று பார்ப்போம். இஞ்சினுக்குள் நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் எரிந்தால், அதில் 25 முதல் 30 ரூபாய்தான் புரொப்பெல்லரைச் சுற்றும் வேலையாக மாறுகிறது. 40 ரூபாய்க்கு மேல் புகைக்குழாய் வழியாகச் சூடாகவே வெளியே போய்விடுகிறது. மிச்சம் சிலிண்டர் சுவரிலும் தலைப்பகுதியிலும் எண்ணெயிலும் இறங்குகிறது. இந்த மிச்சம்தான் பிரச்சினை. 160 குதிரைத் திறன் கொண்ட ஒரு சிறிய பயிற்சி விமானத்தில் அது பல பத்து இஸ்திரிப் பெட்டிகளை ஒன்றாகப் போட்ட சூடு. சிலிண்டருக்குள் எரியும் வாயு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சிலிண்டர் தலையைச் செய்திருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும். ஆக, வந்த சூட்டை வந்த வேகத்திலேயே வெளியே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் நின்றாலும் இஞ்சின் கெட்டுவிடும்.

"மேலே குளிர், அதுவே ஆறிடும்" என்று நான் சொன்னது பாதிதான் சரி. ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது உண்மை. ஆனால் காற்றும் மெலிந்துகொண்டே போகிறது. 6 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். குளிர்ந்த காற்றுதான், ஆனால் சூட்டைச் சுமந்து போக ஆள் பாதி. அதைவிட முக்கியம், விமானத்துக்கு மிகவும் சூடேறுவது உயரத்தில் இல்லை. தரையிலிருந்து கிளம்பி ஏறும்போதுதான். அப்போது இஞ்சின் முழு சக்தியில் உழைக்கும். விமானமோ மெதுவாகப் போகும். உழைப்பு அதிகம், காற்று குறைவு. மலை ஏறும் பேருந்துக்கும் அதே நிலைதான். பையன் சரியான இடத்தைத்தான் பார்த்துவிட்டு வந்து கேட்டிருக்கிறான்.

சரி, தண்ணீர் ஊற்றினார்களா? ஊற்றினார்கள்! உலகத்தின் முதல் விமானத்துக்கே ஊற்றினார்கள்.

ரைட் சகோதரர்களின் 1903 விமானத்தின் இஞ்சினைச் செய்தவர் அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர். நான்கு சிலிண்டர். சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர். விமானத்தின் ஒரு கம்பத்தில் உயரமாக, மெல்லிய குழாய்களால் ஆன ரேடியேட்டர். தண்ணீரைத் தள்ள பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் இலேசாகி மேலே போகும். ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். வெப்பச் சலனம் என்று உங்களுக்கு நான் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் மரத்தூள் போட்டுக் காட்டினேனே, அதேதான். அந்த இஞ்சின் குளிர்ச்சியாக இருக்கும்போது முதல் சில நொடிகள் 16 குதிரைத் திறன் வரை கொடுத்தது. சூடேறியதும் 12-க்கு இறங்கிவிட்டது. டிசம்பர் 17 அன்று அவர்கள் பறந்ததில் மிக நீண்ட பயணம் 59 நொடி.

ஆனால் தண்ணீருக்கு எடை உண்டு. ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் எடை உண்டு. விமானத்துக்கு ஒவ்வொரு கிலோவும் பகை. அதனால் பிரான்சில் செகான் சகோதரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். காற்று இஞ்சினைத் தேடி வரவில்லையா, இஞ்சினே காற்றைத் தேடிச் சுற்றட்டும் என்று முடிவு செய்தார்கள். நோம் என்ற அந்த இஞ்சினில் நடுவில் இருக்கும் தண்டு விமானத்தோடு பொருத்தப்பட்டு அசையாமல் இருக்கும். ஏழு சிலிண்டர்களும் புரொப்பெல்லரோடு சேர்ந்து ராட்டினம் போலச் சுற்றும். நிற்கும் விமானத்திலும் சிலிண்டருக்குக் காற்று கிடைக்கும். முதல் உலகப் போரின் பல போர் விமானங்களில் இந்த வகை இஞ்சின்தான் இருந்தது.

இதற்கு ஊற்றிய எண்ணெய் என்ன தெரியுமா? விளக்கெண்ணெய்! ஆமணக்கு விதையிலிருந்து எடுக்கும் அதே எண்ணெய். பெட்ரோலில் எளிதில் கரையாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். இஞ்சின் சுற்றும்போது எண்ணெய் வெளியே தெறித்துக்கொண்டே இருக்கும். பின்னால் திறந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும் விமானி அந்தப் புகையை மூச்சோடு விழுங்குவார். விளக்கெண்ணெய் விழுங்கினால் வயிறு என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். எதிரியோடும் போராட வேண்டும், வயிற்றோடும் போராட வேண்டும்.

அவ்வளவு பெரிய எடை சுற்றுவதால் விமானத்தைத் திருப்புவதே கஷ்டமாக இருந்தது. போர் முடிந்தபின் அந்த வகை மறைந்தது. சிலிண்டர்களை நட்சத்திரம் போல வட்டமாக அடுக்கி, அவற்றை அசையாமல் வைத்து, தகடுகளால் சூட்டை வெளியேற்றும் இஞ்சின்கள் வந்தன. தகடு எதற்கு? பரப்பளவுக்காக. சுடச்சுட இருக்கும் காபியை டம்ளரிலிருந்து அகலமான டவராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறுகிறதல்லவா? அதே கணக்கு. மெல்லிய தகடுகளை நெருக்கமாக வைத்தால், காற்றைத் தொடும் பரப்பு பல மடங்காகிறது. 1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை தன்னந்தனியாக முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்தாரே, அவருடைய விமானத்தில் இருந்தது இப்படி ஒன்பது சிலிண்டர் கொண்ட காற்றால் ஆறும் இஞ்சின். அட்லாண்டிக் கடலுக்கு நடுவில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற முடியாதல்லவா?

அந்தக் காலத்தில் பெரிய தலைவலி புகை வெளியேறும் வால்வுதான். நெருப்பு போன்ற வாயு அதை உரசிக்கொண்டே போகும். அதைச் சுற்றித் தகடு வைக்கவும் வழி இல்லை. சாம் ஹெரான் என்ற பொறியாளர், வால்வின் தண்டை உள்ளே கூடாக்கி அதில் சோடியம் வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். தண்ணீரில் போட்டால் தீப்பற்றும் என்று நான் பயமுறுத்தினேனே, அதே சோடியம். அது 98 டிகிரியில் உருகிவிடும். வால்வு மேலும் கீழும் ஆடும்போது உள்ளே இருக்கும் திரவ சோடியமும் குலுங்கும். தலையில் இருக்கும் சூட்டை வாங்கி, கீழே தண்டுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மறுபடி மேலே போகும். ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான தடவை.

அடுத்தது எனக்கே வியப்பாக இருந்தது. காற்றால் ஆற வேண்டிய இஞ்சினைத் திறந்து வைப்பது நல்லதா, மூடி வைப்பது நல்லதா? என்னிடம் கேட்டிருந்தால் திறந்து வை என்றுதான் சொல்லியிருப்பேன். மூடு என்று எழுதிய மாணவனுக்குத் தப்பு போட்டிருப்பேன். 1928-இல் அமெரிக்காவில் லேங்லி ஆய்வுக்கூடத்தில் ஃபிரெட் வீக் என்பவரும் அவருடைய குழுவினரும் நட்சத்திர இஞ்சினைச் சுற்றி ஒரு வளைந்த உலோகக் கூடு போட்டுப் பார்த்தார்கள். உள்ளே தடுப்புகள் வைத்து, வரும் காற்று முழுவதும் தகடுகளின் இடைவெளி வழியாகத்தான் போக வேண்டும் என்று செய்தார்கள். இஞ்சினும் நன்றாக ஆறியது. காற்றுத் தடையும் குறைந்தது. ஒரு விமானத்தின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டரிலிருந்து 220 ஆக உயர்ந்தது. காற்று எவ்வளவு வருகிறது என்பதைவிட, வந்த காற்று எங்கே போகிறது என்பதுதான் முக்கியம்.

தண்ணீர்க் கட்சி அதோடு தோற்றுவிடவில்லை. தண்ணீரால் ஆறும் இஞ்சினை ஒடுக்கமாகச் செய்யலாம், விமானத்தின் மூக்கு கூர்மையாக இருக்கும், வேகம் கிடைக்கும். 1931-இல் இங்கிலாந்தின் எஸ்.6பி என்ற பந்தய விமானத்தில் ரேடியேட்டர் என்று தனியாக ஒன்றைத் தொங்கவிடவில்லை. இறக்கையின் தோலும் மிதவைகளின் தோலுமே ரேடியேட்டர். அது மணிக்கு 655 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலக சாதனை படைத்தது.

தண்ணீரில் இன்னொரு சிக்கல் உண்டு. உயரம் போகப் போக அது சீக்கிரம் கொதித்துவிடும். 6 கிலோமீட்டரில் 80 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் 197 டிகிரி வரை கொதிக்காத கிளைக்கால் என்ற திரவத்தை எடுத்துக்கொண்டார்கள். பிறகு அதையே தண்ணீரில் கலந்து, அழுத்தத்தில் அடைத்து ஓட்டினார்கள். ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் இஞ்சின் அப்படி ஆறியதுதான்.

அதே காலத்தில் மெரிடித் என்ற அறிஞர் 1935-இல் ஒரு கணக்குப் போட்டார். ரேடியேட்டரை ஒரு குகைக்குள் வையுங்கள். காற்று விரியும் குகைக்குள் நுழைந்து மெதுவாகும்; ரேடியேட்டரில் சூடாகி விரிவடையும்; பின்னால் குறுகலான வாய் வழியாக வேகமாகப் பீய்ச்சியடிக்கும். அந்தப் பீய்ச்சல் விமானத்தை முன்னே தள்ளும். ரேடியேட்டரால் வரும் தடையில் பெரும்பகுதியை அதன் சூடே ஈடுகட்டிவிடும். முஸ்டாங் என்ற போர் விமானத்தின் வயிற்றுக்கடியில் ஒரு பை போலத் தொங்குகிறதே, அது இதுதான். வீணாய்ப் போகிற சூட்டையே வேலை வாங்கிவிட்டார்கள்.

ஆனால் ஒரே ஒரு குண்டு ரேடியேட்டரைத் துளைத்தால் போதும். திரவம் ஒழுகிப் போய்ச் சில நிமிடங்களில் இஞ்சின் இறுகி நின்றுவிடும். கடலுக்கு மேல் வெகுதூரம் பறக்க வேண்டிய அமெரிக்கக் கடற்படை காற்றால் ஆறும் இஞ்சினையே நம்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இது உயிர் விஷயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி-29 என்ற குண்டுவீச்சு விமானத்தில் 18 சிலிண்டர்களை இரண்டு வரிசையாக அடுக்கிய 2200 குதிரைத் திறன் இஞ்சின்கள் நான்கு. முன்வரிசையைத் தொட்டுச் சூடான காற்றுதான் பின்வரிசைக்குப் போகும். போர் அவசரத்தில் அந்த இஞ்சின் முழுதாகத் தேறுவதற்குள் பறக்கவிட்டார்கள். 1943 பிப்ரவரியில் சோதனை விமானம் ஒன்று இஞ்சின் தீப்பற்றி, சியாட்டில் நகரில் ஒரு தொழிற்சாலை மேல் விழுந்தது. புகழ்பெற்ற சோதனை விமானி எடி ஆலனும் உடன் பறந்த எல்லோரும் இறந்தார்கள். கீழே வேலை செய்துகொண்டிருந்தவர்களும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அந்த விமானங்கள் வங்காளத்தின் கரக்பூருக்கு வந்தன. நம் நாட்டுக் கோடையில் அந்த இஞ்சின்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. காற்றைப் பின்வரிசை வால்வுகளுக்குத் திருப்பிவிடும் தடுப்புகளை மாற்றி மாற்றித்தான் அதைச் சமாளித்தார்கள்.

இன்றைய செஸ்னா 172 போன்ற சிறு விமானங்களில் என்ன செய்கிறார்கள்? புரொப்பெல்லருக்குப் பின்னால் மூக்கின் இரு பக்கமும் இரண்டு ஓட்டைகள் இருக்கும். காற்று அதன் வழியாக நுழைந்து இஞ்சினுக்கு மேலே நிறையும். அங்கிருந்து தகடுகளின் இடைவெளி வழியாகக் கீழே இறங்கி, அடியில் வெளியேறும். மேலிருந்து கீழே! தகட்டுத் தடுப்புக்கும் மூடிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் பட்டை கிழிந்தால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும்; சிலிண்டர் சுடும். எண்ணெயை ஆற்றத் தனியாக ஒரு சின்ன ரேடியேட்டர். விமானி முன்னால் சூடு காட்டும் முள். ஏறும்போது முள் கூடினால் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் கூட்டுவார். காற்று அதிகம் கிடைக்கும். பெட்ரோல் கலவையைக் கொஞ்சம் கூட்டியும் குளிர்விப்பார்கள். இலகு விமானங்களில் பிரபலமான ரோட்டாக்ஸ் 912 என்ற இஞ்சினில் சிலிண்டருக்குக் காற்று, தலைக்கு மட்டும் திரவம். இரண்டு கட்சியும் ஒரே வீட்டில்.

கிளம்பும் முன் விமானி அந்த மூக்கு ஓட்டைகளுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். ஏன்? பறவைகள் உள்ளே கூடு கட்டிவிடும். குச்சியும் புல்லும் காற்றை அடைத்துவிடும். அதைப் படித்தபோது என் மொபெட்டின் சேறு நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனேன். பேரனிடம் சொல்லிப் படங்களை அச்சிட்டு வாங்கிக்கொண்டு போனேன். ரைட் சகோதரர்களின் ரேடியேட்டரைக் காட்டினேன். சுற்றும் இஞ்சினைக் காட்டினேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு ஒவ்வொரு படமாக வாங்கிப் பார்த்தார். அவர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. "பின்வரிசை சிலிண்டருக்கு எண்ணெயாவது தனியா போகுதா சார்?" என்றார். பொறியாளர்கள் அந்த இஞ்சினில் எண்ணெய்க் குழாயையும் மாற்றத்தான் வேண்டியிருந்தது என்று சொன்னபோது, "மாத்தித்தான் ஆகணும்" என்று தலையாட்டினார்.

கடைசியில், "அப்போ ஏரோப்ளேனுக்கும் யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்கல்ல சார்?" என்றார்.

"ஊத்தியிருக்காங்கப்பா. நீ கேட்டது சரியான கேள்வி. அன்னைக்கு எனக்குப் பதில் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டுச் சிரிச்சுட்டேன். மன்னிச்சுடு."

"அட விடுங்க சார்" என்று சொல்லிவிட்டு டீக்குச் சொல்லப் போய்விட்டார். படங்களைத் திருப்பித் தரவில்லை. பட்டறைச் சுவரில் ஆயுதபூஜைப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப் போகிறாராம். வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்களுக்குக் காட்டவாம்.

என் வகுப்பில் கேட்டு, பதில் வராமல் உட்கார்ந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் எழுதுங்கள். இப்போது எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் படித்துவிட்டு வருகிறேன். உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

அப்புறம், மொபெட் வைத்திருக்கும் உறவுகள் எல்லோரும் இந்த வாரம் ஒரு தடவை அந்தத் தகடுகளைத் துடைத்துவிடுங்கள். இஞ்சின் ஆறிய பிறகு!

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்